அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோ படகு எண் 1: கட்டிய நோக்கமும் கொடுத்த வேலையும்

எதைப் பற்றிய ஆய்வு

1898 பிப்ரவரி 11 அன்று, புளோரிடாவின் கீ வெஸ்ட் துறைமுகத்திலிருந்து கியூபாவின் ஹவானா நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஓர் அமெரிக்க டார்பிடோ படகின் தளத்திலிருந்து இளம் அதிகாரி ஒருவரைக் கடல் அடித்துச் சென்றது. படகின் பணியாளர்கள் இருவர் அவரைக் காப்பாற்ற முயன்றும் அவர் பிழைக்கவில்லை. அப்போது போர் தொடங்கியிருக்கவில்லை. எதிரி எவரும் சுடவில்லை. நீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டான டார்பிடோவை ஏவவும் படகு புறப்பட்டிருக்கவில்லை. நீரிணைக்கு இந்தப் பக்கம் உள்ள தளத்துக்கும் அந்தப் பக்கம் உள்ள துறைமுகத்துக்கும் இடையே செய்தி சுமக்கும் வேலையில் அது அன்று இருந்தது.

அந்தப் படகின் பெயர் குஷிங். அமெரிக்கக் கடற்படைப் பட்டியலில் ‘டார்பிடோ படகு எண் 1’ என்று பதிவான கலம் அது. அது எதற்காகக் கட்டப்பட்டது, எந்த வேலைகளுக்கு அனுப்பப்பட்டது, அப்படி அனுப்பியதற்கு அன்று இருந்த காரணங்கள் எவை, அவற்றின் விளைவு என்ன என்பவற்றை இந்த ஆய்வு காலவரிசைப்படி பதிவு செய்கிறது. படகில் பணியாற்றியவர்களைப் பெயரால் அன்றி அவர்கள் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறேன். ஏனெனில் இங்கே ஆராயப்படுவது ஒரு கலத்தின் பயன்பாடு பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளே; தனிமனிதரின் குறையோ பெருமையோ அல்ல.

பின்னணி: கழி முனையிலிருந்து குழாய் வரை

படகுக்குப் பெயர் தந்தவர் வில்லியம் குஷிங் என்ற கடற்படை அதிகாரி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 அக்டோபர் 27 இரவில், வட கரோலினாவின் பிளைமவுத் அருகே ரோனோக் ஆற்றில் கட்டப்பட்டிருந்த அல்பமார்ல் என்ற தென்மாநில இரும்புக் கவசக் கப்பலை அவர் ஒரு சிறு நீராவிப் படகில் சென்று மூழ்கடித்தார். கப்பலைச் சுற்றி மரக்கட்டைகளால் மிதவை வேலி போடப்பட்டிருந்தது. நீரில் ஊறி வழுவழுப்பாகியிருந்த அந்தக் கட்டைகளின் மேல் படகை முழு வேகத்தில் ஏற்றி, முனையில் வெடிமருந்து கட்டிய நீண்ட கழியைக் கப்பலின் அடிப்பகுதிக்குக் கீழே இறக்கி, கையிலிருந்த கயிற்றை இழுத்து வெடிக்கச் செய்தார். அந்த முயற்சியில் அவரும் இன்னொருவரும் மட்டுமே தப்பித்து மீண்டார்கள். மற்றவர்கள் நீரில் மூழ்கினார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அன்று குஷிங்குக்கு வயது 21.

இந்த வெற்றிதான் டார்பிடோ படகு என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் வேராக இருந்தது என்பது என் கருத்து. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன. மலிவான சிறு படகு ஒரு பெரிய போர்க்கப்பலை அழிக்க முடியும். ஆனால் அதற்கு இருள் வேண்டும், அலையில்லாத நீர் வேண்டும், இலக்கு அசையாமல் நிற்க வேண்டும், எதிரியை ஒட்டிச் செல்லவும் வேண்டும்.

இவற்றுள் கடைசி நிபந்தனையைத் தளர்த்தியது தானே ஓடும் டார்பிடோ. இன்று குரோஷியாவின் ரியெக்கா என்று அறியப்படும் ஃபியூமே நகரில், ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1866இல் அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் டார்பிடோவைச் செய்துகாட்டினார். நீரின் அழுத்தத்தை உணரும் வால்வும் ஓர் ஊசல் எடையும் இணைந்து அதன் கிடைச் சுக்கான்களை இயக்கின. அதனால் டார்பிடோ விதித்த ஆழத்திலேயே ஓடியது. பிரிட்டன் அதன் உற்பத்தி உரிமையை 1871இல் 15,000 பவுண்டுக்கு வாங்கியது. தேம்ஸ் நதிக்கரையில் சிஸ்விக்கில் இருந்த தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய லைட்னிங் என்ற படகு 1877இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, வைட்ஹெட் டார்பிடோவை ஏவும் படகுகளுக்கு முன்மாதிரியானது. அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பியக் கடற்படைகள் இத்தகைய படகுகளைப் பெருமளவில் கட்டிக் குவித்தன.

அமெரிக்கா இதில் பின்தங்கியே இருந்தது. ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட்டில், கோட் தீவு என்னும் சிறு தீவில் 1869இலேயே டார்பிடோ நிலையம் ஒன்றை நிறுவியிருந்தபோதிலும், சோதனைக்கு ஏற்ற வேகமான படகுகள் அதனிடம் அதிகம் இல்லை. அதே மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில் ஹெரெஷாஃப் சகோதரர்களின் படகுத் தொழிற்சாலை இருந்தது. மூத்தவர் பதினைந்தாம் வயதிலேயே பார்வையை முழுவதும் இழந்தவர், இளையவர் வடிவமைப்பாளர். அவர்கள் கட்டிய ஸ்டிலெட்டோ என்ற நீராவி உல்லாசப் படகு, 1885இல் ஹட்சன் ஆற்றில் புகழ்பெற்ற பயணியர் கப்பலான மேரி பவலை முந்திச் சென்றது. கடற்படை அதை 1887இல் வாங்கி நியூபோர்ட் நிலையத்துக்கு அளித்தது. அது மரத்தாலான படகு; சோதனைக்குப் போதும், போருக்குப் போதாது.

1886 ஆகஸ்ட் 3 அன்று நிறைவேறிய சட்டத்தின் மூலம் ஒரு முதல்தர டார்பிடோ படகைக் கட்ட அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. மெய்ன் என்ற கவசக் கப்பலுக்கு அனுமதி தந்ததும் இதே சட்டம்தான். இந்த இரண்டு கலங்களின் வரலாறும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஹவானாவில் மீண்டும் குறுக்கிடப் போகிறது.

கலத்தின் அமைப்பு

படகைக் கட்டும் பணி ஹெரெஷாஃப் தொழிற்சாலைக்குக் கிடைத்தது. 1890 ஜனவரி 23 அன்று குஷிங் நீரில் இறக்கப்பட்டு, ஏப்ரல் 22 அன்று பணியில் சேர்ந்தது. எஃகால் கட்டிய அதன் நீளம் சுமார் 140 அடி. அகலம் ஏறத்தாழ 15 அடி. நீருக்குள் மூழ்கும் ஆழம் 5 அடிகூட இல்லை. எடை 116 டன் அளவில் இருந்தது. அதிகாரிகளையும் சேர்த்து 22 பேர் அதில் பணியாற்றினார்கள். 18 அங்குல டார்பிடோக் குழாய்கள் மூன்றும், ஆறு பவுண்டு குண்டு எறியும் சிறு பீரங்கிகள் மூன்றும் அதன் ஆயுதங்கள். வேகம் 23 நாட், அதாவது மணிக்கு 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அன்றைய பெரும் போர்க்கப்பல்கள் பலவற்றால் 17 நாட்டைத் தொடுவதே அரிதாக இருந்தது என்பதை நினைத்தால் இந்த எண்ணின் மதிப்பு புரியும்.

இந்த வேகம் எப்படிக் கிடைத்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் இடர்கள் அனைத்துக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது. முதற்காரணம் உடலின் வடிவம். அகலத்தைப்போல ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட நீளம். முருங்கைக்காய் போன்ற அந்த ஒல்லியான உடல் தட்டையான நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும், ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால் கடுமையாகப் புரளும். இரண்டாவது காரணம் எடைக் குறைப்பு. எடையைக் குறைக்க எஃகுத் தகடுகள் மெல்லியவையாக இருந்தன. எதிரியின் கண்ணில் படாதிருக்க உடல் நீர்மட்டத்தோடு ஒட்டித் தாழ்வாக இருந்தது. படகின் முன்பகுதியான அணியத்தில் தளம் ஆமை முதுகைப்போல வளைந்திருந்தது; முன்னால் ஏறும் நீர் இருபுறமும் வழிந்தோட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அலையில் அத்தகைய வளைவான, ஈரமான எஃகின் மேல் ஒரு மனிதர் கால் ஊன்றி நிற்பது கடினம் என்பது அந்த வடிவத்தோடு சேர்ந்தே வந்தது.

மூன்றாவது காரணம் கொதிகலன். முந்தைய டார்பிடோ படகுகளில் ரயில் எஞ்சினில் உள்ளதைப் போன்ற கொதிகலன் இருந்தது. அதில் நெருப்பின் சூடான வாயு குழாய்களுக்குள் செல்லும். நீர் அவற்றைச் சூழ்ந்து நிற்கும். குஷிங்கில் பொருத்தப்பட்ட தார்னிகிராஃப்ட் வகைக் கொதிகலன்கள் இரண்டிலும் இது தலைகீழாக மாறியது: நீர் மெல்லிய குழாய்களுக்குள் ஓடியது, நெருப்பு வெளியிலிருந்து சூடேற்றியது. சுமக்க வேண்டிய நீர் குறைந்ததால் எடை குறைந்தது. நீராவி விரைவாக எழுந்தது. உயர்ந்த அழுத்தத்தையும் அது தாங்கியது. ஆனால் மெல்லிய குழாய்களுக்குள் உப்பும் அழுக்கும் படிந்தால் குழாய் சூடேறிப் பிளக்கும். தூய நன்னீரும், பழகிய பணியாளர்களும், இடையிடையே நிறுத்திச் சுத்தம் செய்யப் போதிய காலமும் அந்தக் கொதிகலனுக்கு இன்றியமையாதவை.

வடிவமைப்பாளர்கள் மனத்தில் வைத்திருந்த வேலையைத் தொகுத்தால் இப்படி அமையும்: அமைதியான கடற்கரை நீரில், இருட்டில், சில மணி நேரம் வேகமாக ஓடி, எதிரிக் கப்பலை நெருங்கி, டார்பிடோவை ஏவிவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த வேலைக்கு இந்த அமைப்பில் குறை எதுவும் இல்லை.

சோதனைக் காலத்தில் கண்டவை

முதல் ஆண்டுகளில் குஷிங்குக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதற்குப் பொருத்தமான வேலையே. டார்பிடோச் சோதனைக்கான கருவிகள் பொருத்தப்பட்டு, 1891 செப்டம்பர் முதல் அது நியூபோர்ட் நிலையத்தோடு இணைந்து இயங்கியது. நியூபோர்ட்டை ஒட்டிய நரகான்செட் விரிகுடாவின் காப்புள்ள நீர் இதற்கு ஏற்றது. வெடிமருந்து இல்லாத பயிற்சித் தலை பொருத்திய டார்பிடோவை ஏவுவார்கள். ஓட்டம் முடிந்ததும் அது நீர்மட்டத்துக்கு வந்து மிதக்கும். படகொன்று சென்று அதை மீட்டுவரும். ஆழம் எங்கே தவறியது, திசை எங்கே விலகியது என்று குறித்துக்கொண்டு மறுபடி ஏவுவார்கள்.

அமெரிக்கக் கடற்படையிடம் அப்போது இரண்டு வகை டார்பிடோக்கள் இருந்தன. ஒன்று, கடற்படை அதிகாரி ஹோவெல் உருவாக்கியது. சுமார் 60 கிலோ எடையுள்ள சக்கரத்தை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று என்ற அளவுக்கு முன்கூட்டியே சுழற்றிவிட்டால், அந்தச் சுழற்சியில் சேர்ந்த ஆற்றலே அதை ஓட்டும். குமிழி இல்லாமல் ஓடும். சுழலும் சக்கரமே திசையையும் நிலைநிறுத்தும். ஆனால் 400 கஜத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. மற்றொன்று, உரிமம் பெற்று புரூக்ளினில் தயாரான வைட்ஹெட் டார்பிடோ. அது 800 கஜம் வரை செல்லும். திசையை நிலைநிறுத்தும் கைரோஸ்கோப் 1890களின் பிற்பாதியில்தான் வைட்ஹெட் டார்பிடோவுக்கு வந்தது. எனவே படகின் தலைவர் குறி பார்ப்பதில் எவ்வளவு திறன் பெற்றவராயினும், எதிரிக்கு அரைக் கடல்மைலுக்கும் குறைவான தூரத்தில் போய் நின்றாக வேண்டும்.

இந்தக் காலம் படகின் வாழ்வில் மிகவும் பயனுள்ள காலம் என்று நான் கருதுகிறேன். டார்பிடோவை நம்பத்தக்க ஆயுதமாக்கியது நியூபோர்ட்டில் நடந்த இந்தச் சலிப்பூட்டும், திரும்பத் திரும்பச் செய்த வேலைதான், போர்க்களம் அன்று. இருப்பினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனைகள் ஆயுதத்தை அளந்தன. வேக ஓட்டங்கள் எஞ்சினை அளந்தன. திறந்த கடலில் பல நாள்கள் ஓடும்போது 22 பேரும் அந்த உடலும் எதைத் தாங்கும் என்பதைக் காப்புள்ள விரிகுடாவில் அளக்க முடியாது.

கீ வெஸ்டுக்கு அனுப்பிய முடிவு

கியூபாவில் 1895 முதல் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி நடந்துவந்தது. அமெரிக்கா போரை எதிர்பார்க்கத் தொடங்கியது. 1897 டிசம்பர் 31 அன்று குஷிங் கீ வெஸ்டை அடைந்து, வட அட்லாண்டிக் படையின் தேவைக்காக புளோரிடா நீரிணையில் இயங்கத் தொடங்கியது. ரோந்து, தபால், கட்டளைத் தாள்கள் ஆகியவையே அதன் அன்றாட வேலை. 1898 ஜனவரி 25 அன்று மெய்ன் ஹவானா துறைமுகத்தில் நங்கூரமிட்ட பிறகு, கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் இடையே போக்குவரத்து இன்னும் முக்கியமானது. இரண்டு இடங்களுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இருந்தது உண்மை. ஆனால் ஸ்பெயினின் ஆட்சியில் உள்ள நகரத்திலிருந்து எல்லாவற்றையும் தந்தியில் அனுப்பிவிட முடியாது. கடிதக்கட்டும் பொருள்களும் கம்பி வழியே போகாது.

இந்த வேலைக்கு டார்பிடோ படகைத் தேர்ந்தெடுத்ததற்கு அன்று நியாயமான காரணங்கள் இருந்தன. ஏறத்தாழ 90 கடல்மைல் தூரத்தை அது அரைநாளுக்குள் கடக்கும். ஆழமற்ற பவழத்திட்டுகளுக்கு இடையில் பெரிய கப்பல் போக முடியாத இடத்திலும் அது போகும். பணியாளர்கள் குறைவு, செலவும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அங்கே தயாராக நின்றது. வேகமான தனியார் உல்லாசக் கப்பல்களைக் கடற்படை பெருமளவில் வாங்கியது போர் நெருங்கிய பிறகுதான்.

கணக்கில் சேராமல்போனது கடல். புளோரிடா நீரிணை வழியாக வளைகுடா நீரோட்டம் கிழக்கு நோக்கி இடைவிடாமல் ஓடுகிறது. குளிர்காலத்தில் வட அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து வாடைக் காற்று இறங்கும்போது, ஓடும் நீரும் வீசும் காற்றும் முட்டிக்கொள்ள, அலைகள் உயரத்தைக் காட்டிலும் செங்குத்தால் அச்சமூட்டும். நெருக்கமாக வரும் அந்த அலைகளில் 140 அடி நீளமுள்ள படகு ஒரு அலையிலிருந்து மீளுமுன் அடுத்ததில் சிக்கும். கொதிகலனுக்கும் இடம் சாதகமானதன்று. கீ வெஸ்ட் குடிநீருக்கே மழைநீர்த் தொட்டிகளைப் பெரிதும் நம்பியிருந்த தீவு. நன்னீரைத் தாராளமாகச் செலவிட்டுக் குழாய்களைக் கழுவ அது ஏற்ற ஊரல்ல.

1898 பிப்ரவரி 11

அன்று ஹவானா நோக்கிய பயணத்தில் கடல் பலமாக இருந்தது. படகின் இளம் அதிகாரி தளத்திலிருந்து கடலில் வீசப்பட்டார். பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த ஒரு பணியாளரும் கப்பலின் சமையல்காரரும் அவரைக் காப்பாற்ற முன்வந்தார்கள். முயற்சி பலிக்கவில்லை.

இந்தக் குறுகிய செய்திக்குப் பின்னால் உள்ள நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு படகு 15 நாட் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், ஒரு நிமிடத்தில் அது 450 மீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்துவிடும். எஞ்சினை நிறுத்தச் சொல்லும் கட்டளை கீழே சென்று செயலாவதற்குள், விழுந்தவரின் தலை அலைகளுக்கிடையே மறைந்துவிடும். தாழ்வான தளத்தில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். எனவே உயர்ந்த கப்பலிலிருந்து தேடுவதுபோல இங்கிருந்து தேட முடியாது. ஒல்லியான நீண்ட உடலைத் திருப்புவதற்குப் பெரிய வட்டம் தேவை. திருப்பும்போது பக்கவாட்டு அலை படகையே புரட்டப் பார்க்கும், தளத்தில் நிற்கும் மற்றவர்களும் அபாயத்துக்குள்ளாவார்கள். அந்த நீர் சில நிமிடங்களில் உறையவைத்துக் கொல்லும் குளிர்நீர் அல்ல. அங்கே ஆளைக் கொல்வது அலையும் தூரமும்தான்.

காப்பாற்ற முயன்ற இருவருக்கும் மெடல் ஆஃப் ஆனர் என்னும் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. போர் அல்லாத வேளையில் உயிர்காக்க முயன்ற கடற்படைப் பணியாளர்களுக்கும் அந்தப் பதக்கத்தை வழங்கும் வழக்கம் அன்று இருந்தது. ஒரு சமையல்காரர் தம் அடுப்படியை விட்டு வந்து இப்படியொரு கடலில் செய்த முயற்சிக்கு எந்தப் பதக்கமும் மிகையல்ல. உயிரிழந்த அதிகாரியின் பெயரை, 1918இல் நீரில் இறக்கிய ஒரு நாசகாரிக் கப்பலுக்குப் பின்னர் சூட்டினார்கள்.

நான்கு நாள்கள் கழித்து, பிப்ரவரி 15 இரவில், ஹவானா துறைமுகத்தில் மெய்ன் வெடித்துச் சிதறி 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடே அந்தத் துயரத்தில் ஆழ்ந்தது. டார்பிடோ படகிலிருந்து ஒருவர் கடலில் விழுந்ததன் காரணம் பற்றிப் பொதுவெளியில் நிதானமாகப் பேசுவதற்கான சூழல் அதன்பின் இல்லை. இவ்வகைச் சிறு விபத்துகளிலிருந்து கற்க வேண்டியவை பெரிய விபத்தின் நிழலில் மறைந்துபோவது கடல்சார் வரலாற்றில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் இங்கே அதன் விலை கூடியது. அடுத்த சில மாதங்களில் இதே வகைப் படகுகள் இதே நீரில் இன்னும் கடுமையாக ஓட்டப்பட்டன.

போர்க்காலப் பயன்பாடு

1898 ஏப்ரலில் போர் தொடங்கி கியூபாவின் வடகரை முற்றுகையிடப்பட்டதும், குஷிங் அங்குள்ள சிறு தீவுத்திட்டுகளுக்கிடையே ரோந்து சென்றது. ஆழம் குறைந்த அந்த நீரில் அதன் மதிப்பு உயர்ந்தது; நோக்கம் மட்டும் மறுபடி மாறியது. ஆகஸ்ட் 7 அன்று அது நான்கு சிறு கலங்களைப் பிடித்தது. ஆகஸ்ட் 11 அன்று, குவின் என்ற மற்றொரு டார்பிடோ படகோடு சேர்ந்து, ஆயுதம் தாங்கிய சிறுபடகுகளை அனுப்பி 20 டன் பாய்மரக் கலமொன்றைக் கைப்பற்றி எரித்தது. மறுநாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. போர்க்கப்பலைக் கொல்லப் பிறந்த கலத்தின் போர்க்காலப் பதிவு சிறு பாய்மரக் கலங்களோடு நிறைவு பெற்றது. குஷிங்கின் டார்பிடோ எந்த எதிரிக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை.

வேறொரு டார்பிடோ படகுக்கு நேர்ந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மே 11 அன்று, ஆழமற்ற கார்டெனாஸ் விரிகுடாவுக்குள் பட்டப்பகலில் அனுப்பப்பட்ட வின்ஸ்லோ, கரையிலிருந்தும் அங்கு நின்ற கலங்களிலிருந்தும் வந்த குண்டுகளுக்கு இரையானது. சுக்கானும் எஞ்சினும் பழுதாகி அது தத்தளிக்க, ஹட்சன் என்ற சுங்கப்பிரிவுக் கலம் குண்டுமழைக்கிடையே அதை இழுத்து வெளியே கொண்டுவந்தது. அதிகாரி ஒருவர் உள்பட ஐவர் இறந்தார்கள். இருளையும் வேகத்தையும் நம்பிக் கட்டிய, தோட்டாவைக்கூடத் தடுக்காத தகடு கொண்ட படகை வெளிச்சத்தில் மெல்ல நகரும் பீரங்கிப் படகாக ஆக்கியதன் விளைவு அது. குஷிங் விஷயத்திலும் வின்ஸ்லோ விஷயத்திலும் முடிவெடுத்தவர்களின் காரணம் ஒன்றே: ஆழமற்ற நீருக்கு ஏற்ற வேறு கலம் கைவசம் இல்லை.

எஞ்சின்களும் கொதிகலன்களும் இதே விலையைக் கொடுத்தன. சில மணி நேர ஓட்டத்துக்கென்று நுணுக்கமாகச் செய்த இயந்திரங்கள் வாரக்கணக்கில், பட்டறை வசதியின்றி, ஓய்வின்றி ஓடின. போர் முடிந்தபோது டார்பிடோ படகுகள் பெரும் பழுதுபார்ப்பை எதிர்நோக்கியிருந்தன. கீழே கரி தள்ளியவர்களின் நிலையும் எளிதன்று. வெப்பமண்டலக் கோடையில், மூடிய கொதிகலன் அறையில், படகு புரளும்போது சூடான இரும்பில் கைபடாமல் நின்று மண்வெட்டியைச் சுழற்ற வேண்டும். இத்தகைய படகுகளில் தொடர்ந்து சில நாள்கள் கடலில் இருந்தாலே பணியாளர்களின் ஊக்கம் குன்றிவிடும் என்பதைப் பல நாட்டுக் கடற்படைகளும் தத்தம் ஒத்திகைகளில் கண்டிருந்தன.

பின்விளைவு

1898 நவம்பர் 8 அன்று குஷிங் பணியிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பின் இருப்பில் வைக்கப்பட்டிருந்த அது, இறுதியில் பயிற்சி இலக்காக ஆக்கப்பட்டு 1920 செப்டம்பர் 24 அன்று மூழ்கடிக்கப்பட்டது.

அமெரிக்கக் கடற்படையின் திசைமாற்றம் போரின்போதே தொடங்கிவிட்டது. 1898 மே 4 அன்று நிறைவேறிய சட்டம் 16 நாசகாரிக் கப்பல்களைக் கட்ட அனுமதித்தது. டார்பிடோ படகுகளை விரட்டியடிக்கவென்று பிரிட்டனில் உருவான அந்த வகை, டார்பிடோவையும் சுமந்துகொண்டு திறந்த கடலில் படையோடு ஓடக் கூடியது. 1902இல் பணியில் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் அவற்றுள் முதன்மையானது. அதன் எடை 420 டன், அதாவது குஷிங்கைப்போல மூன்றரை மடங்கு. ஆனால் அதே சட்டம் மேலும் 12 டார்பிடோ படகுகளுக்கும் அனுமதி தந்தது. பழைய வகையை ஒரே நாளில் கைவிட எவருக்கும் மனம் வரவில்லை என்பதை இது காட்டுகிறது.

மாற்றியிருக்க வேண்டியவை

டார்பிடோ படகைக் கட்டியதே தவறு என்ற முடிவுக்கு இந்த வரலாறு இட்டுச் செல்லவில்லை. நியூபோர்ட்டில் குஷிங் செய்த வேலையின் பயனை அடுத்த தலைமுறைக் கப்பல்கள் அனைத்தும் அனுபவித்தன. மாற்றம் தேவைப்பட்ட இடம், 1897 டிசம்பருக்கும் 1898 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காலம்.

அப்போது செய்திருக்கக் கூடியவற்றுள் முதலாவது, தபாலுக்குத் தனிக் கலம். வேகம் 12 நாட்தான் என்றாலும், உயர்ந்த தளமும் அகன்ற உடலும் கொண்ட ஒரு கடலோடி இழுவைக் கப்பல் அந்த நீரிணையை எட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். சில மணி நேரத்தை மிச்சப்படுத்துவது எந்தச் செய்திக்கு அவசியம், எதற்கு அவசியமில்லை என்று கீ வெஸ்டில் இருந்தவர்கள் பிரித்துப் பார்த்திருந்தால், டார்பிடோ படகு மோசமான வானிலையில் புறப்பட வேண்டிய நாள்கள் மிகக் குறைந்திருக்கும்.

இரண்டாவது, அப்படியும் புறப்பட்டே ஆக வேண்டிய நாளில் தளத்தில் செல்வோருக்கான ஏற்பாடு. முன்னிருந்து பின்வரை இறுக்கிக் கட்டிய கயிறு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு, கடல் ஏறும்போது வேலை இல்லாதவர் எவரும் மேலே வரக் கூடாது என்ற விதி ஆகியவை பாய்க்கப்பல் காலத்திலிருந்தே கடலோடிகள் அறிந்தவை; புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் இவற்றைப் படகின் தலைவருடைய விருப்பத்துக்கு விடாமல், அவ்வகைப் படகுகள் அனைத்துக்கும் நிலையான கட்டளையாக்க வேண்டும். அதோடு, அலையைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவோ திரும்பி வரவோ படகின் தலைவருக்கு உள்ள உரிமையைக் கட்டளைத் தாளிலேயே எழுதித்தர வேண்டும். அவசரத் தாள் என்று சொல்லிக் கையில் கொடுத்தனுப்பும்போது, வேகத்தைக் குறைப்பது கடமை தவறுவதுபோல ஓர் இளம் அதிகாரிக்குத் தோன்றுவது இயல்பு.

மூன்றாவது, ஏற்புச் சோதனை. 23 நாட் என்ற எண்ணைப் பெற அமைதியான நீரில் ஓட்டியதுபோல, குளிர்காலத் திறந்த கடலில் மூன்று நாள் முழுப் பணியாளர்களோடு ஓட்டி, தளத்தில் எந்த இடத்தில் நீர் ஏறுகிறது, எந்த வேகத்துக்கு மேல் ஆள் நிற்க முடியவில்லை, கொதிகலன் எத்தனை மணி நேரத்துக்குப் பின் கழுவலைக் கேட்கிறது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பெயின்பிரிட்ஜ் வகைக் கப்பல்கள் பலவற்றில் ஆமை முதுகுக்குப் பதிலாக அணியத்துத் தளத்தை உயர்த்திக் கட்டினார்கள். அந்த மாற்றத்தின் தேவையைச் சொல்லும் ஆதாரம் 1890 ஏப்ரலில் குஷிங் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே கடற்படையின் கைக்கு எட்டும் தூரத்தில், நரகான்செட் விரிகுடாவுக்கு வெளியே இருந்தது.